மொலோக்காய்க்குப் போக யார் தயார்? புனித தமியானும் கடினமான அழைத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறை இறையழைத்தல் ஞாயிறு என்று கொண்டாடுகிறோம். அதற்குச் சற்று முன்னோ பின்னோ மே 10 அன்று புனித தமியானின் திருவிழா வந்துவிடும். அதனால் அந்த நாட்களில் மறையுரை வைக்கிற ஃபாதர்கள் பலரும் அவரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்வார்கள். தொழுநோயாளிகள் நடுவே போய் வாழ்ந்து, அதே நோய் வந்து இறந்தவர் என்பதற்கு மேல் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல முடிவதில்லை. அப்புறம் கேள்விகள் வருகின்றன. இளையோர் கேட்பது ஒருவிதம், பெற்றோர் கேட்பது வேறுவிதம். இரண்டையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தமியான் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பெல்ஜியத்தில் திரெமெலோ என்ற சிற்றூரில் 1840 ஜனவரி 3 அன்று பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் யோசேப்பு. விவசாயமும் தானிய வியாபாரமும் செய்த குடும்பம். அக்காமார் இருவர் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டார்கள், அண்ணன் பம்ஃபீல் துறவியாகிவிட்டார். இவனாவது வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வான் என்று அப்பா எதிர்பார்த்திருந்தார். அது நடக்கவில்லை. 1859-இல் லூவன் நகரில் அண்ணன் இருந்த அதே இயேசு மரியா திருஇருதயங்கள் சபையில் தம்பியும் சேர்ந்து, தமியான் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். 1864 மார்ச் 19 அன்று ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு துறைமுகத்தில் இறங்கினார். அந்த ஆண்டு மே மாதமே குருப்பட்டம். ஒன்பது ஆண்டுகள் ஹவாயின் பெரிய தீவில் பங்குப் பணி. 1873 மே 10 அன்று மொலோக்காய்த் தீவுக்குப் போனார். 1889 ஏப்ரல் 15, பெரிய வாரத்துத் திங்கட்கிழமை, தொழுநோயால் இறந்தார். வயது 49. 2009 அக்டோபர் 11 அன்று புனிதர் பட்டம் பெற்றார்.

நோயாளிகளை ஏன் ஒரு தீவில் கொண்டுபோய் விட்டார்கள்?

ஹவாய் அப்போது தனி அரசு. வெளிநாட்டுக் கப்பல்களோடு வந்த நோய்களை எதிர்க்கும் சக்தி அந்த மக்களின் உடலுக்கு இல்லை. அம்மையும் காய்ச்சலும் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. தொழுநோயும் பரவியதைக் கண்டு பயந்துபோன அரசு, 1865-இல் ஐந்தாம் கமேஹமேஹா மன்னரின் காலத்தில் ஒரு சட்டம் போட்டது. நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களைப் பிடித்துத் தனிமைப்படுத்த வேண்டும் என்பது சட்டம். அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் மொலோக்காயின் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. மூன்று பக்கம் கொந்தளிக்கும் கடல், நான்காவது பக்கம் ஆயிரம் அடிகளைத் தாண்டிய செங்குத்துப் பாறைச் சுவர். 1866 ஜனவரியில் முதல் நோயாளிகள் அங்கே இறக்கப்பட்டார்கள்.

நிலம் கொடுத்துவிட்டோம், அவர்களே பயிரிட்டுச் சாப்பிடட்டும் என்பது அதிகாரிகளின் கணக்கு. விரல் மடங்கிப்போனவர்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கணவனிடமிருந்து மனைவியையும் தாயிடமிருந்து பிள்ளையையும் பிரித்துக் கப்பல் ஏற்றினார்கள். அந்தத் தனிமைப்படுத்தும் சட்டம் 1969-இல்தான் முடிவுக்கு வந்தது. அதுவரை ஏறக்குறைய 8000 பேர் அங்கே அனுப்பப்பட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் பூர்வகுடி ஹவாய் மக்கள்.

ஆயர் கட்டளையிட்டதால்தானே தமியான் போனார்? துறவிக்குக் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு உண்டே?

இல்லை. இந்த இடத்தை மறையுரைகள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன என்பது என் மனக்குறை.

1873 மே மாதத் தொடக்கத்தில் மாவித் தீவின் வைலுக்கு என்ற ஊரில் புதிய கோவில் ஒன்றை அர்ச்சித்தார்கள். பல தீவுகளிலிருந்தும் குருக்கள் வந்திருந்தார்கள். ஆயர் லூயி மெக்ரே அங்கே மொலோக்காயைப் பற்றிப் பேசினார். அங்கிருந்த கத்தோலிக்கர்கள் தங்களுக்கு ஒரு குரு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவரை அனுப்ப வேண்டும். ஆனால் கீழ்ப்படிதலின் பேரால் யாரையும் அனுப்ப ஆயருக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் அது மரண தண்டனை கொடுப்பதற்குச் சமம். அதனால் யார் போக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். நான்கு பேர் முன்வந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் சில வாரமோ மாதமோ இருந்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. முதல் முறை தமியானுக்கு விழுந்தது. சில நாட்களில் நோயாளிகளையும் மாடுகளையும் ஏற்றிப்போன ஒரு கப்பலில் ஆயரும் அவரும் போய் இறங்கினார்கள். ஆயர் திரும்பிவிட்டார்.

அதற்குள் ஹொனலுலு பத்திரிகைகள் அவரை வீரர் என்று புகழத் தொடங்கிவிட்டன. தமியானும், தான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார். அனுமதி கிடைத்தது. முறை வைத்துப் போகும் ஏற்பாடு அதோடு நின்றுபோனது.

இதில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்று, கேட்ட விதம். கட்டளையிடும் அதிகாரம் இருந்தும் அந்த ஆயர் அதைப் பயன்படுத்தவில்லை. கடினமான இடத்துக்கு ஆள் கேட்கிற எந்தப் பொறுப்பாளருக்கும் இது பாடம். இரண்டாவது, கைவிடப்பட்ட அந்த முறைவைப்பு. பத்திரிகைப் புகழில் எல்லாருக்கும் அது மறந்துபோனது. தொடர்ந்திருந்தால் தமியானின் பதினாறு ஆண்டுகள் இவ்வளவு தனிமையில் போயிருக்காது.

அண்ணனுக்குப் பதிலாகத்தான் அவர் ஹவாய்க்கே போனார் என்கிறார்கள். அப்படியென்றால் அது யாருடைய அழைப்பு?

நல்ல கேள்வி. 1863-இல் ஹவாய்க்குப் போகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அண்ணன் பம்ஃபீல்தான். புறப்படும் நேரத்தில் அவருக்குக் கடும் டைஃபஸ் காய்ச்சல். தம்பி அப்போது படிப்பை முடிக்கவில்லை, குருவாகவும் இல்லை. முதலில் அவரைச் சபையில் சேர்த்தபோது, படிப்பு போதாது என்று துணைச் சகோதரராகத்தான் சேர்த்தார்கள். அண்ணனிடம் லத்தீன் கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்த பிறகே குருத்துவப் படிப்புக்கு விட்டார்கள். அப்படிப்பட்டவர், உள்ளூர்த் தலைவரிடம்கூடக் கேட்காமல், நேரே பாரிசில் இருந்த சபையின் உலகத் தலைவருக்கு எழுதினார்: அண்ணன் இடத்தில் என்னை அனுப்புங்கள். ஆச்சரியம், சரி என்று பதில் வந்தது.

வானத்திலிருந்து குரல் கேட்கும் என்று காத்திருப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். இவருக்குக் கேட்டதெல்லாம் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்ற செய்தி. விவிலியத்தில் எசாயா ‘இதோ நானிருக்கிறேன்’ என்று சொன்னதும் யாரை அனுப்புவேன் என்ற பொதுவான கேள்வியைக் கேட்டுத்தான். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மோசேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அவர் சாக்கு மேல் சாக்கு சொன்னார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

அண்ணனின் பின்கதை பலருக்குத் தெரியாது. தம்பி இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1895-இல், அறுபதை நெருங்கும் வயதில் பம்ஃபீலும் மொலோக்காய்க்குப் போனார். அவருக்கு அந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை. 1897-இல் பெல்ஜியத்துக்குத் திரும்பிவிட்டார். ஒரே வீடு, ஒரே சபை, ஒரே ஆசை. ஆனால் ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்தவில்லை. அதை யாரும் குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்குப் பயமோ அருவருப்போ இருக்கவே இல்லையா?

இருந்தது. புண்களின் நாற்றம் தாங்காமல் திருப்பலி நடுவிலேயே வெளியே ஓடிவிடலாமா என்று இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த நாற்றம் உடையில் ஒட்டாமல் இருக்கப் புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். தொடக்க நாட்களில் தங்க வீடும் இல்லை. கோவில் பக்கத்தில் இருந்த ஒரு தாழை மரத்தடியில் படுத்துக்கொண்டார்.

ஆனால் பார்க்கப் போனவர்களிடமிருந்து விலகி நிற்கவில்லை. நோயில் பூசுதலுக்கு எண்ணெய் தொட்டுப் பூசினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், அவர்கள் நீட்டிய கலத்திலிருந்து அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டார். பயம் போன பிறகு இதைச் செய்தார் என்று நினைக்க வேண்டாம். செய்யச் செய்யப் பழகிப்போனது என்பதுதான் அவர் கடிதங்களில் தெரிகிறது.

ஜெபமும் பூசையும் தவிர என்ன செய்தார்?

அவர் விவசாயி மகன், கை வேலை தெரிந்தவர். ஏற்கெனவே இருந்த புனித பிலோமினா சிற்றாலயத்தைப் பெரிதாக்கினார். குடிசைகளுக்குப் பதில் பலகை வீடுகள் கட்டினார். மலைப் பள்ளத்தாக்கிலிருந்து குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுவருவதில் நோயாளிகளோடு சேர்ந்து உழைத்தார். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். இசைக்குழு, பாடகர் குழு, சவ அடக்கச் சங்கம் எல்லாம் உண்டு. அதற்கு முன்பெல்லாம் இறந்தவர்களைப் பேருக்குப் புதைத்தார்கள். இவர் தன் கையால் சவப்பெட்டி செய்தார், ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில். மரமும் மருந்தும் உணவும் கேட்டு ஹொனலுலு சுகாதார வாரியத்துக்கு ஓயாமல் எழுதி அவர்களை எரிச்சலூட்டினார்.

‘தொழுநோயாளிகளாகிய நாம்’ என்று ஒருநாள் பிரசங்கத்தைத் தொடங்க, அப்போதுதான் மக்களுக்கு அவருடைய நோய் தெரிந்தது என்ற கதை உண்மையா?

கேட்க உருக்கமாக இருக்கும், அதனால்தான் இந்தக் கதை நிலைத்துவிட்டது. ஆனால் போன சில மாதங்களிலேயே, 1873-இலேயே, அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் தமியான் இதைச் சொல்லிவிட்டார்: எல்லாரையும் கிறிஸ்துவிடம் கொண்டுவர நான் தொழுநோயாளர்களோடு தொழுநோயாளன் ஆகிறேன், பிரசங்கத்தில் ‘தொழுநோயாளிகளாகிய நாம்’ என்றே சொல்கிறேன் என்று. அப்போது அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். உடலில் நோய் உறுதியானது பத்துப் பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான். எனக்குக் கதையைவிடக் கடிதம்தான் பெரிதாகத் தெரிகிறது. நோய் வந்த பிறகு ‘நாம்’ என்பதில் என்ன இருக்கிறது? வருவதற்கு முன்பே சொன்னாரே.

படகில் நின்றபடி எல்லார் காதிலும் விழப் பாவசங்கீர்த்தனம் செய்தாராமே?

ஆம், அது நடந்தது. குடியேற்றத்தைவிட்டு வெளியே போகவும் வெளியார் உள்ளே வரவும் தடை கடுமையாக இருந்த தொடக்க நாட்கள். அவரைப் பார்க்கக் கப்பலில் வந்த சபைத் தலைவரைக் கரையில் இறங்கவிடக் கப்பல் தலைவர் மறுத்துவிட்டார். தமியான் ஒரு சிறு படகில் கப்பல் ஓரம் வரை வந்தார். மேலே ஏறவும் அனுமதி இல்லை. கடைசியில் கீழே நின்றபடியே, மேல்தளத்தில் இருந்தவரைப் பார்த்துத் தன் பாவங்களை உரக்கச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். சுற்றி இருந்தவர்களுக்குப் புரியாத மொழியில் சொன்னதுதான் இருந்த ஒரே மறைவு. தனியே அனுப்பப்பட்ட ஒரு குருவுக்கு இன்னொரு குரு எவ்வளவு தேவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அவர் முன்கோபி, யாரோடும் ஒத்துப்போகாதவர் என்று படித்தேன். அப்படிப்பட்டவர் எப்படிப் புனிதர்?

முன்கோபிதான், பிடிவாதக்காரர்தான். உதவிக்கு அனுப்பப்பட்ட குருக்களோடு சண்டை, மேலதிகாரிகளோடு கடிதச் சண்டை. 1886-இல் இங்கிலாந்தில் ஹியூ சாப்மேன் என்ற ஆங்கிலிக்கன் குரு அவருக்காகப் பெரும் தொகை திரட்டி அனுப்பியபோது, ஹொனலுலுவில் இருந்த மேலதிகாரிகளுக்குக் கசந்தது. நம் மிஷன் ஒன்றுமே செய்யாமல் இவர் ஒருவரே எல்லாம் செய்கிறார் என்று உலகம் நினைக்காதா என்பது அவர்கள் வருத்தம். புகழ் தேடுகிறார் என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டு நோயைவிட அவரை வாட்டியது.

இறந்த பிறகும் விடவில்லை. ஹொனலுலுவில் இருந்த ஹைட் என்ற புரொட்டஸ்டண்டு போதகர், தமியான் அழுக்கானவர், முரடர், ஒழுக்கக்கேட்டால்தான் அந்த நோய் வந்தது என்று 1889-இல் ஒரு கடிதம் எழுதினார். அது பத்திரிகையில் வந்துவிட்டது. அதற்குப் பதில் சொன்னவர் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அவரும் புரொட்டஸ்டண்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர். தமியான் இறந்த மறுமாதமே மொலோக்காய்க்குப் போய்ச் சில நாட்கள் தங்கி விசாரித்தவர். 1890 பிப்ரவரியில் சிட்னியிலிருந்து அவர் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் தமியானின் குறைகளை மறைக்கவே இல்லை. அழுக்கா, ஆம், முரட்டுத்தனமா, ஆம், ஆனால் நீங்கள் வசதியான வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் அங்கே போனார் என்பதுதான் அவர் வாதம். ஒழுக்கக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

புனிதர் என்றால் நல்ல குணசாலி என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். சாந்தமான மனிதர் ஒருவர் அங்கே போயிருந்தால் சுகாதார வாரியத்திடமிருந்து மரப்பலகை வாங்கியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

கவனமாக இருந்திருந்தால் அவருக்கு நோய் வந்திருக்காதே? இது வீண் தியாகம் இல்லையா?

அவர் போன அதே 1873-இல்தான் நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்தச் செய்தி தீவுக்கு வந்து சேர்ந்து எதையும் மாற்றுவதற்கு நாளாயிற்று. மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது என்பதும் பிற்பாடு தெரிந்ததுதான். தமியானுக்கு அந்தச் சக்தி இல்லாமல் போனது. 1884 டிசம்பரில் காலில் கொதிக்கும் தண்ணீர் பட்டுக் கொப்புளித்தும் வலி தெரியவில்லை. அதோடு அவருக்குப் புரிந்துவிட்டது. வலி தெரியாமல் போவதுதான் இந்த நோயின் கொடுமை. கை கால்கள் சிதைவதற்குக் காரணம் சதை அழுகுவதல்ல, உணர்ச்சியற்ற உறுப்பில் ஏற்படும் காயங்களே என்பதைப் பிற்காலத்தில் நம் வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் விளக்கி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையையும் செய்து காட்டினார்.

கேள்விக்கு நேரான பதில்: ஆம், சுத்தத்தில் அவர் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம். அதை வேறொருவர் செய்தும் காட்டினார். அடுத்த பதிலைப் பாருங்கள்.

மரியான் கோப் யார்? ஐம்பது சபைகள் மறுத்த பிறகு அவர் போனாராமே?

1883-இல் ஹவாய் மன்னர் கலாக்கவாவின் சார்பில், நோயாளிப் பெண்களையும் சிறுமிகளையும் கவனிக்கக் கன்னியர் வேண்டும் என்று அமெரிக்காவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவற சபைகளுக்குக் கடிதம் போனது. மற்ற சபைகள் கைவிரித்துவிட்டன. நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் நகரில் பிரான்சிஸ்கன் கன்னியரின் தலைவியாக இருந்த மதர் மரியான் மட்டும் சரி என்று எழுதினார். வேண்டாவெறுப்பாக அல்ல, இந்த வேலைக்காகப் பசித்திருக்கிறேன் என்ற பொருளில். ஆறு சகோதரிகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று ஹொனலுலு வந்தார். அவர்களை அங்கே நிலைப்படுத்திவிட்டு ஊர் திரும்புவதாகத்தான் திட்டம். திரும்பவே இல்லை. 1888 நவம்பரில் மொலோக்காய்க்குப் போய், 1918-இல் எண்பதாவது வயதில் அங்கேயே இறந்தார். 2012-இல் அவருக்கும் புனிதர் பட்டம்.

அவர் ஏற்கெனவே ஒரு மருத்துவமனையை நிர்வகித்தவர். கை கழுவுவது, துணி வெளுப்பது, நோயாளிகளின் பாத்திரத்தைத் தனியே வைப்பது எல்லாம் அவருக்கு ஜெபம் மாதிரி. உங்களில் ஒருவருக்கும் இந்த நோய் வராது என்று சகோதரிகளுக்குச் சொன்னார். ஒருவருக்கும் வரவில்லை. தமியானின் வழியையும் மரியானின் வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்று போகிறவர்கள் மரியானிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன். கையுறை போடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

அப்படியானால் மறுத்த ஐம்பது சபைகளும் தவறு செய்தனவா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பலருக்குப் பள்ளிகளும் அநாதை இல்லங்களும் கையில் இருந்திருக்கும். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா நற்செய்தியில் இயேசுவே சொல்கிறார். கணக்குப் பார்த்து முடியாது என்று சொல்வது, கணக்குப் பார்க்காமல் சரி சொல்லிப் பாதியில் விட்டுவிடுவதைவிட மேல்.

எனக்கு ஆசை இருக்கிறது, ஆனால் வீட்டுப் பொறுப்பும் இருக்கிறது. தள்ளிப்போட்டால் அழைப்பு போய்விடுமா?

மீண்டும் மரியானைப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தின் மூத்த பெண் அவர், பெயர் பார்பரா. பதினைந்து வயதிலேயே மடத்துக்குப் போக ஆசை. அப்பா நோயில் விழுந்தார், தம்பி தங்கைகள் சிறுவர்கள். யூட்டிகா நகரில் ஆலைக்கு வேலைக்குப் போய் வீட்டைக் காப்பாற்றினார். 1862-இல் அப்பா இறந்து, தம்பி தங்கைகள் தங்களைப் பார்த்துக்கொள்ளும் வயது வந்த பிறகுதான் மடத்தில் சேர்ந்தார். அப்போது வயது 24. போய்விட்டதா அழைப்பு? இல்லையே. ஒரு சிறுமியாக நேரே மடத்துக்குப் போயிருந்தால் கிடைக்காத நிதானம் அந்த ஆலை வருடங்களில்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்காவின் திருமணத்துக்குக் கடன் வாங்கியிருக்கும் வீட்டிலிருந்து, கடனை அப்பா தலையில் போட்டுவிட்டுக் குருமடத்துக்கு ஓடிவர வேண்டாம். அடைத்துவிட்டு வாருங்கள்.

குருவோ கன்னியரோ ஆகாமல் இப்படிப் பணி செய்ய முடியாதா?

முடியும். மொலோக்காயிலேயே செய்தவர்கள் உண்டு. ஜோசப் டட்டன் என்ற அமெரிக்கர் உள்நாட்டுப் போரில் போர்வீரராக இருந்தவர். திருமணம் முறிந்து, குடியில் சில வருடங்களை வீணாக்கி, பிறகு கத்தோலிக்கராகி, பழைய வாழ்க்கைக்குத் தவம் செய்ய ஓர் இடம் தேடினார். 1886-இல் தமியானிடம் வந்தார். துறவிக்குரிய வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்காமலே எல்லாருக்கும் ‘பிரதர்’ ஆனார். தமியானின் காலத்துக்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 1931-இல் இறந்தார்.

இவர்களைவிடக் குறைவாகப் பேசப்படுகிறவர்கள் ‘கோக்குவா’ என்று அழைக்கப்பட்ட ஹவாய் மக்கள். நோய் இல்லாமலே, கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ விட்டுப்பிரிய மனமில்லாமல் கூடவே போனவர்கள். யோனத்தானா நாப்பெலா அவர்களில் ஒருவர். மோர்மன் சபையின் மூப்பர், மதிப்புள்ள மனிதர். மனைவி கிட்டிக்கு நோய் என்றதும் 1873-இல் அவரோடு போனார். தமியானுக்கும் அவருக்கும் சபை வேறு, நட்பு ஒன்று. அவருக்கும் நோய் தொற்றி 1879 ஆகஸ்டில் இறந்தார். சில நாட்களில் மனைவியும். அவருக்கு யாரும் புனிதர் பட்டம் கொடுக்கவில்லை. அழைத்தல் முகாம்களில் இவரைப் பற்றியும் ஒரு வகுப்பு எடுக்கலாம். திருமண வாக்கும் கடினமான அழைத்தல்தான் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

இது கடவுளின் அழைப்பா, என் கற்பனையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று பேரிடம் பேசிப் பாருங்கள்: உங்களை நன்றாக அறிந்த ஓர் ஆன்ம குரு, அந்த வேலையை ஏற்கெனவே செய்கிற ஒருவர், உங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர். மூன்றாமவர் சொல்வதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிறகு, முடிந்தால் அந்த இடத்தில் சில மாதம் இருந்து பாருங்கள். தமியானையே சில மாதங்களுக்கு என்றுதான் அனுப்பினார்கள் என்பதை மறக்காதீர்கள். முகாமின் கடைசி இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அழுதபடி கொடுத்த வாக்கை உடனே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு மாதம் போகட்டும். பரீட்சை, காய்ச்சல், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் தாண்டி அந்த எண்ணம் இருக்கிறதா பாருங்கள்.

பிள்ளை பிறப்பதற்கு முன்பே அவனைக் குருத்துவத்துக்கு நேர்ந்துகொண்டோம். இப்போது மாட்டேன் என்கிறான். பாவமா?

பாவமில்லை. உங்கள் உயிரை நீங்கள் நேர்ந்துகொள்ளலாம், இன்னொருவர் உயிரை அல்ல. அன்னா சாமுவேலை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டார் என்று சொல்வீர்கள். சரி, ஆனால் அங்கேயும் ஆண்டவர் அந்தச் சிறுவனைத் தனியாகக் கூப்பிட்டார், அவன் தானாகவே பதில் சொன்னான். அம்மாவின் நேர்ச்சை அதற்குப் பதிலாக நிற்கவில்லை. ஆயரே கட்டளையிடத் தயங்கிய இடத்தில் பெற்றோர் கட்டளையிடலாமா? பங்குத்தந்தையிடம் பேசுங்கள், அந்த நேர்ச்சையை வேறொரு நற்செயலாக மாற்ற அவர் வழி சொல்வார். முக்கியமாக, வீட்டில் ஏதாவது கெட்டது நடந்தால் ‘நீ போகாததால்தான்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

மொலோக்காயின் நிலை இப்போது என்ன? இந்தியாவில் தொழுநோய்?

மொலோக்காயில் நோயாளிகள் வாழ்ந்த இடமான கலாவுபாப்பா குடியேற்றம் 1980 முதல் அமெரிக்கத் தேசிய வரலாற்றுப் பூங்கா. தமியானின் உடலை 1936-இல் பெல்ஜியத்துக்கு எடுத்துப்போய் லூவனில் அடக்கம் செய்தார்கள். புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்த 1995-இல் அவருடைய வலது கையை மட்டும் மொலோக்காய் மக்களுக்குத் திருப்பித் தந்தார்கள். தொழுநோய்க்கு இப்போது கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. நம் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருந்து தொடங்கிச் சில நாட்களில் நோயாளியிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் தயங்காமல் காட்டுங்கள்.

எங்கள் பங்கிலிருந்து ஒருவர் வட மாநிலத்தில் மறைப்பணிக்குப் போயிருக்கிறார். நாங்கள் என்ன செய்ய முடியும்?

தமியானுக்குக் கிடைக்காததை எல்லாம் செய்யுங்கள். 1885 முதல் 1888 வரை, நோய் முற்றிக்கொண்டிருந்த காலத்தில், அவரோடு தங்கியிருக்க ஒரு குரு இல்லை. உள்ளதிலேயே பெரிய கஷ்டம் அதுதான் என்று திரும்பத் திரும்ப எழுதினார். பெல்ஜியக் குருவான கொன்றார்டி வந்து சேர்ந்தபோது தமியானுக்கு ஓராண்டுகூட மீதியில்லை. ஆள் கேட்டு எழுதியவருக்கு ஆள் அனுப்பாமல் விட்டது அவருடைய தியாகத்தின் பகுதி என்று சிலர் எழுதுவார்கள். நான் அதைச் சபையின் தவறு என்றே சொல்வேன்.

ஆகவே முதலில், அவர் தனியே இருக்கிறாரா என்று விசாரியுங்கள். தனியே என்றால், துணைக்கு ஒருவரை அனுப்பச் சொல்லி அவருடைய சபைத் தலைவருக்குப் பங்குப் பேரவை சார்பில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோக ரயில் கட்டணத்தைப் பங்கிலேயே திரட்டலாம். வந்தால் மூன்று கூட்டத்தில் பேசச் சொல்லி அலைக்கழிக்காமல் அம்மா வீட்டில் தூங்க விடுங்கள். போனில் பேசும்போது எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கேட்க வேண்டாம். சாப்பாடு எப்படி, கரண்ட் இருக்கிறதா, அங்கே மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால், அடுத்த வாரமும் கூப்பிடுங்கள்.